அடுத்த வரி

மூன்று கொட்டேஷன்.
கிருஷ்ணகிரி பெங்களூர் ரோட்டிலிருந்து இரண்டு,
ஓசூரிலிருந்து ஒன்று.
காவேரிப்பட்டணம் ஆலயத்தின் பக்க அறையில்
ஃபேன் காற்றுக்குப் பறக்காமல்
காணிக்கைத் தட்டை மேலே வைத்திருக்கிறோம்.

பொருளாளர் பாக்கியநாதன்
எதையும் கடைசி வரியிலிருந்துதான் படிப்பார்.
"எழுபத்தெட்டாயிரமா?
நாலு வரியைச் சுவத்துல காட்டவா?"

நாலு வரிதான் ஐயா.
எந்த நாலு என்று
கீபோர்டு வாசிக்கும் ஆபேலுக்கே தெரியாது.
பல்லவிக்குத் திரும்புவான் என்று விரலை வைத்தால்
மூன்றாம் சரணத்துக்குப் பாய்வான்.
பழைய கம்ப்யூட்டர் அதற்குள்
யோசிக்க உட்கார்ந்துவிடும்.
நீல வட்டம் சுற்றுவதைப்
பாதி திறந்த வாயோடு சபை பார்க்கும்.
பிறகு எல்லாத் தலையும் திரும்பும்
பின்வரிசைத் தூணோரம், என் பக்கம்.

வாரத்தில் ஆறு நாள்
மாம்பழக்கூழ் ஆலையில் பில் போடுகிறேன்.
அங்கே தப்பானால் கேன்சல் செய்ய
ஒரு பட்டன் உண்டு.

கடைக்கார இர்ஃபான் தெளிவாகச் சொன்னார்:
"ராம் பதினாறு, எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு,
அதெல்லாம் நான் பாத்துக்கறேன்க்கா.
சாஃப்ட்வேர்ல மொதல்ல
ஒரு 'கொ' அடிச்சுப் பாருங்க.
ஒடைஞ்சா வாங்காதீங்க."

உடைந்தது.
வருஷத்துக்கு இருபதாயிரம் கேட்கும் சரக்கில்
கொம்பு ஒரு கரை, கால் ஒரு கரை,
நடுவில் புள்ளி புள்ளியாய் ஒரு வட்டம்,
யாருக்கோ போட்டு வைத்த காலி நாற்காலி போல.

இலவசமாய்க் கிடைத்ததில் உடையவில்லை.
தெலுங்கும் வந்தது.
அதை மட்டும் படிக்கத் தெரிந்த நாகரத்னம்மாவுக்கு
கீழே ஒரு வரி, கொஞ்சம் சின்னதாய்.
"எங்களுது மட்டும் ஏன் சின்னது?" என்பார்.
நியாயம்தான்.
பதில் என்னிடம் இல்லை.

அறுநூற்றுப் பன்னிரண்டு பாட்டு
எந்தக் காலத்து ஃபான்டிலோ அடித்தவை.
புதியதில் திறந்தால்
ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாய்
அந்நிய பாஷை பேசுகின்றன.
அர்த்தம் சொல்லும் வரம்
சபையில் எனக்கு மட்டும்.
ஆலை விட்டு வந்து ராத்திரி
பத்துப் பத்தாய்த் திருப்பி அடிக்கிறேன்.
இருநூற்று நாற்பது முடிந்தது.

கொட்டேஷன் எதிலும் இல்லாத ஒன்று உண்டு.
அவர்கள் முதல் வரியில் இருக்கும்போது
நான் இரண்டாவதில் இருக்க வேண்டும்.
கண்ணீர் என்று அவர்கள் பாடும் இடத்தில்
கண்ணீர் எனக்கு முடிந்திருக்கும்;
விரல் அடுத்ததற்குத் தயாராய் நிற்கும்.
பதினோரு வருஷமாய்
ஒரு பாட்டையும் நான்
அது நடக்கும் இடத்தில் வைத்துப் பாடியதில்லை.

போன ஞாயிறு
இர்ஃபான் ஓட்டிப் பார்க்கக் கொடுத்த லேப்டாப்போடு
எல்லாம் ஒழுங்காய்ப் போனது, இரண்டாம் சரணம் வரை.
மாங்காய் மழைக்கு முந்திய காற்று.
கரண்ட் போச்சு.
புரொஜெக்டர் போச்சு, கீபோர்டு போச்சு.
சுவர் வெறும் சுண்ணாம்பானது.
லேப்டாப் மட்டும் பேட்டரியில்
என் முகத்துக்கு வெளிச்சம் காட்டியபடி.

யாரும் திரும்பவில்லை.
முன்வரிசையில் யாரோ
சரணத்தைத் தப்பாகப் பிடித்தார்கள்.
தப்பாகவே எல்லோரும் போனார்கள்.
நானும் போனேன், கையை மடியில் வைத்துக்கொண்டு,
அவர்கள் நின்ற வரியிலேயே.
என் குரல் இவ்வளவு கரகரப்பு என்று
எனக்குத் தெரியாது.

இப்போது பாக்கியநாதன் பேனா
கடைசி வரிக்கு வந்திருக்கிறது.
"யுபிஎஸ், பதினோராயிரத்து இருநூறு.
இது அவசியமாம்மா எப்சிபா?"

போதகர் பார்க்கிறார். ஆபேல் பார்க்கிறான்.
அவசியம் என்று சொல்ல வேண்டியவள் நான்தான்.

வேண்டாம் ஐயா, என்றேன்.
இங்கெல்லாம் இப்ப கரண்ட் அவ்வளவா போறதில்லை.

அடித்துவிட்டார்.
மின்வாரியத்தின் மேல்
அவ்வளவு விசுவாசம் எனக்கு.