எரியும் குப்பை, எரியாத குப்பை

டிசம்பர் இருபத்தைந்து. வேலை நாள்.
விடிவதற்கு முன்பே ஹிமி துறைமுகத்தில்
மீன் வந்து இறங்குகிறது. புரி என்று அதற்குப் பெயர்.
ஒவ்வொன்றும் ஒரு வயதுக் குழந்தையின் கனம்.
தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பரப்பி
தலை இடப்பக்கம் வரப் படுக்கவைக்கிறோம்.
இடப்பக்கம்தான். முதல் வாரம் மாற்றி வைத்து
இருபது பெட்டியைத் திரும்பப் பிரித்தேன்.

பெண்ணைக் கட்டிக்கொடுத்த முதல் வருஷம்
மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு முழு மீன் போகவேண்டுமாம்
இந்தப் பக்கத்தில்.
யாரோ யாருக்கோ அனுப்பும் சீரை
ரப்பர் கையுறையோடு கட்டிக்கொண்டே
கிறிஸ்துமஸ் வாழ்த்துகள் என்றேன் நெல்டாவிடம்.
மூக்கை உறிஞ்சினாள்.
குளிர்தான் என்றாள், நான் கேட்காமலே.

என் ஜன்னலில் ஒரு நட்சத்திரம் தொங்குகிறது.
நூறு யென் கடையின் பூச்செடிக் குச்சி,
மீன் பெட்டிக்குள் விரிக்கிற பச்சைத் தாள்,
உள்ளே ஒரு சிவப்பு விளக்குச் சரம்.
லேசாகக் கவிச்சி அடிக்கும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

இருபத்தாறாம் தேதி காலை
சூப்பர் மார்க்கெட்டில் சாண்டா கிளாஸ் இல்லை.
ஒரே ராத்திரியில் எங்கே கொண்டுபோனார்கள்
அத்தனை பேரையும்?
அவர் நின்ற இடத்தில் மூங்கிலும் பைன் கிளையும்.
கேக் பாதி விலை. இரண்டு வாங்கினேன்.

கீழ்வீட்டு ஹதாகேனகா அம்மாள் கதவைத் தட்டினார்.
எங்கள் தெருவின் குப்பைக்கூண்டுக்குப் பொறுப்பு அவர்.
மூடி கழற்றாத பாட்டில்களோடு என் பையை
கதவுப் பிடியில் திரும்ப மாட்டிவிட்டுப் போனவர்.
"இருபத்தைந்து முடிந்துவிட்டதே" என்றார்.
"கடைசி வண்டி இருபத்தொன்பது.
அதை விட்டால் ஜனவரி நான்கு."
பிறகு நட்சத்திரத்தைப் பார்த்தார்.
"குச்சியும் தாளும் எரியும் குப்பை.
விளக்கு எரியாத குப்பை."
அது எரிந்துகொண்டிருந்தது, இருவர் முகத்திலும் சிவப்பாக.

எங்களுக்கு மூன்று ராஜாக்கள் வந்து சேரும்வரை
கிறிஸ்துமஸ் முடியாது என்றேன்.
தொடங்குவது எப்போது?
செப்டம்பரில்.
விரல் மடக்கி எண்ணினார். ஐந்து மாதம்.
"கரண்ட் பில்?" என்று மட்டும் கேட்டார்.

இருபத்தெட்டில் முழங்கால் வரை பனி.
மறுநாள் தபால்பெட்டியில் ஒரு துண்டுக் காகிதம்.
எனக்காக எல்லாம் எளிய எழுத்தில்,
முதல் வகுப்புப் பிள்ளைக்கு எழுதுவது போலப் பெரிது பெரிதாக:

பனி வண்டி ஓட்டுவது என் தம்பி.
முக்குத் தெருவிளக்கு அக்டோபரிலிருந்து எரியவில்லை.
உங்கள் நட்சத்திரம் பார்த்துத்தான் திரும்புகிறான்.
இரவு இரண்டு முதல் ஐந்து வரை அணைக்கவேண்டாம்.

அதற்குக் கீழே, வேறு பேனாவில்:
பாட்டில் மூடிகள் இப்போது சரியாக இருக்கின்றன.

அணைக்கவில்லை.
மூன்று மணிக்கு வண்டி உறுமிக்கொண்டு வந்தது.
திரும்பியது. போனது.
ஓட்டுகிறவன் முகம் தெரியவில்லை.

முப்பத்தொன்று. வருஷம் பிறக்கும்போது மேசையில்
பன்னிரண்டு உருண்டைப் பழம் இருக்கவேண்டும்.
வலைப்பையில் மிகான் ஏழு. பெர்சிமன் இரண்டு.
மீதி மூன்றுக்கு வெங்காயம்.
உருண்டையா என்றுதானே கேள்வி.

மலைக்கோயிலில் மணி அடிக்கத் தொடங்கியது.
நூற்றெட்டு அடிப்பார்களாம்.
முப்பத்தொன்றில் எண்ணிக்கை தப்பியது,
ஜோவெலின் கூப்பிட்டாள்.
இலோயிலோவில் மணி இன்னும் பதினொன்றுதான்.
பாத்திரமும் கரண்டியுமாகத் தயாராக நிற்கிறார்கள் எல்லாரும்,
பழைய வருஷத்திலேயே.

"அக்கா, நீதான் முதல்ல போயிட்டியே,
எப்படி இருக்கு அங்க?"

ஜன்னல் பக்கம் போனைத் திருப்பினேன்.
வெள்ளைத் தெரு. அதன்மேல் கொஞ்சம் சிவப்பு.
ஒரு கால்தடம்கூட இல்லை.

"குளிருது" என்றேன்.
"நிறைய இடம் காலியாக் கிடக்கு. வாங்க."