பத்து நிமிடம்தான்

யீஷூனில் பன்னிரண்டாம் மாடி. இரவு இரண்டே கால்.
தீபாவளிக்குப் பிறகு இன்றுதான் ஓட்டுகிறேன்.
திரையில் திட்டம் வந்து நிற்கிறது:
சேர்வது மூன்று, மாறுவது ஒன்று,
அழிவது எதுவுமில்லை.

அந்த ஒன்றைத் தாண்டிக் கண் நகரவில்லை.

நிரலில் நான் எழுதியிருப்பது
தனி முனையம், உள்வலைக்கு மட்டும் வழி.
மேகத்தில் இருப்பதோ
நான்கு பூஜ்யம், ஒரு சாய்கோடு, இன்னொரு பூஜ்யம்.
உலகத்தையே வா என்றழைக்க
ஐந்து சுழி போதும்.

யார் கை வைத்தது?
ஹுய் ஷான் விடுப்பில். ஃபிர்தவுஸ் புதியவன்,
கன்சோல் அனுமதியே இன்னும் வரவில்லை அவனுக்கு.
பதிவேட்டைக் கீழே இழுக்கிறேன், இன்னும் கீழே.
பண்டிகைக்கு முந்திய வெள்ளி, மாலை ஆறு ஐம்பது:
மதுரவல்லி.

நான்.

தொலைபேசியில் விற்பனையாளர் அவசரப்படுத்த,
தேக்காவில் தையல்கடை மூடும் நேரம்,
ஒரே ஒரு சொடுக்கு.
பத்து நிமிடம்தான் என்றேன், யாரிடமோ.

நாற்பத்தொரு நாள்.
அத்தனை இரவும் வாசல் இரும்புக் கதவை
இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

வந்து தட்டிய முகவரிகளை எண்ணினேன்,
எண்ணூறோடு விட்டுவிட்டேன்.
உள்ளே வந்தவர் யாருமில்லை என்கிறது பதிவேடு.
நம்புகிறேன். மறுபடி தேடுகிறேன்.

ஆம் என்று தட்டியதும்
பதினொரு வினாடியில் உலகம் வெளியே போயிற்று,
சத்தமே இல்லாமல்.

மாற்றக் குறிப்பில் 'சிறு திருத்தம்' என்று எழுதினேன்.
அழித்தேன்.
நடந்ததை எழுதினேன், என் பெயரோடு.
காலையில் ஃபிர்தவுஸ் முதலில் படிப்பது
அதுவாகத்தான் இருக்கும்.