மரைத் துளை

முதலில் சிலுவை.
நெடில், குறில், நெடில் என்று
இரண்டு நடுக்கோடுகள் குறுக்கே வெட்டும் இடத்தில்தான்
துளைக்கு முகவரி கிடைக்கிறது.
வட்டம் அதற்குப் பிறகு.

டொக்யாட் வீதி, டயர்க் கடைக்கு மேல்மாடி.
மின்விசிறி போட்டால் தாள் பறக்கும்,
போடாவிட்டால் முழங்கை வேர்வை பென்சிலைக் கரைக்கும்.
மூதூர் லாஞ்சி ஒன்றின் தண்ணீர்ப் பம்புக்கு
உடம்பும் மூடியும் வரைகிறேன்.
உப்புத் தின்ற பழையது மேசையில் கிடக்கிறது,
பச்சை பூத்து.

ஊடுதுளை லேசு.
இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வரும், ஆழம் கேட்காது.
போல்ட்டின் தலை குந்துவதற்குத் தட்டையடிப் பள்ளம் என்றால்
கவுண்டர்போர்.
புனல்வாய் என்றால் கவுண்டர்சிங்.
ஸ்பொட்பேஸ், வார்ப்பின் சொரசொரப்பில்
வொஷர் அளவுக்கு ஒரு சவரம், அவ்வளவுதான்.
குருட்டுத் துளையின் அடியில் ஒரு கூம்பு வரும்.
அதை நூற்றிருபது பாகையில் வரைகிறோம்,
துளையலகின் நுனியோ நூற்றுப் பதினெட்டு.
கையில் மூலைமட்டம் இருக்கிறதே என்று
இரண்டு பாகை பொய்,
வரைகிற எல்லாரும் ஒத்துக்கொண்ட பொய்.

கன்னியாவின் ஏழு கிணறுகளையும்
ஒருநாள் வெட்டுமுகமாய் வரைந்து பார்த்தேன்.
ஏழும் குருடு.
அடியில் கூம்பா தட்டையா, தெரியவில்லை.
ஆழத்துக்குக் கேள்விக்குறி போட்டேன்,
பிறகு தாளைக் கிழித்தேன்.
(இராவணன் வெட்டு துளையே இல்லை. அது சிலொட்.)

மரை மட்டும் விசித்திரம்.
மேலிருந்து பார்த்தால் தடித்த முழு வட்டம்,
அதைச் சுற்றி மெல்லிசாய் முக்கால் வட்டம்.
கால்வாசி திறந்தே கிடக்கும்.
மூடிவிட்டால் அது வேறு துளை.

படம்பிடித்து கிண்ணியாவுக்கு அனுப்பினேன்.
யன்னல் வெயிலில் அந்த மெல்லிய கோடு செத்துவிட்டது.
குறிப்பு எழுதிய மூலை
படத்துக்கு வெளியே.
ஹில்மி அழைத்தார், பின்னால் லேத்து கத்த.
"தங்கச்சி, அந்த ஆறும் என்ன சைஸ்?"
"பன்னிரண்டு. மரை."
"மறையா? ஓம், பக்கப் பார்வையில
விட்டு விட்டுக் கோடு தெரியுது. விளங்கிச்சு."

இடையினம், வல்லினம்.
ஐந்தாம் வகுப்பில் என்றால் அரைப் புள்ளி போயிருக்கும்.
இங்கே ஒன்பது கிலோ வெண்கலம்.
மரை வெட்டப் பத்து தசம் இரண்டில் நிற்கவேண்டிய துளைகளை
மறைந்திருக்கும் வெறுந்துளைகள் என்று
பன்னிரண்டில் திறந்துவிட்டார்,
ஆறையும், வழுவழுவென்று.

பாலம் தாண்டி பஸ்ஸில் போனேன்.
லாஞ்சிக்காரர் கனகசூரியம் எனக்கு முன்னமே வந்து
ஒரு பெயின்ட் வாளியில் உட்கார்ந்திருந்தார்.
ஒருவரும் கத்தவில்லை, அதுதான் வயிற்றைக் கலக்கியது.
ஹில்மி பெருவிரலைத் துளைக்குள் செருகப் பார்த்தார், போகவில்லை,
சின்ன விரலை விட்டுச் சுழற்றினார்.
"துளை நல்ல துளை," என்றார், தனக்குத்தானே.

அலுமாரிக் கதவின் உட்பக்கம்
கிறீஸ் படிந்த ஓர் அட்டவணை.
பன்னிரண்டின் வரிசைக்குக் கீழே பதினான்கு.
பதினான்கில் மரை வெட்ட,
துளை: பன்னிரண்டு.

இரண்டு பேரும் ஒரே வரியில் விரல் வைத்தோம்.
அவர்தான் முதலில் சிரித்தார்.

சும்மா வந்த தப்பித்தல் இல்லை.
மூடியில் பதின்மூன்று பதினைந்தாக வேண்டும்,
கவுண்டர்போர் இருபதிலிருந்து இருபத்துநாலு,
விளிம்புக்கு மிச்சம் ஆறு மில்லி, இனி நாலு.
பதினான்கு போல்ட் திருகோணமலைக் கடைகளில் இல்லை,
கொழும்பு இரவு பஸ்ஸில் ஆறு வரும்.
"போல்ட் காசில அரைவாசி உங்கட, அரைவாசி அவற்ற,"
என்றார் கனகசூரியம், வாளியை விட்டு எழும்பாமல்.

இரவு மறுபடி வரைந்தேன்.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் இரண்டு முறை ஊதியது.
ஆறு சிலுவை, ஆறு வட்டம்,
ஆறு முக்கால் வட்டம், இம்முறை கொஞ்சம் அழுத்தி.
வலது மூலையில் திருத்தப் பட்டியல்:
திகதி, கையொப்பம், காரணம்.
காரணக் கட்டம் அரை அங்குலம்கூட இல்லை.
ர
என்று மட்டும் எழுதினேன்.