வினைமுற்று

முத்தியால்பேட்டை அச்சகத்தில்
எனக்குப் பிழைதான் பிழைப்பு.
கால் உதிர்ந்த எழுத்து, தலைகீழாய் நிற்கும் கொம்பு,
மிகாத இடத்தில் மிகுந்த ஒற்று.
என்ன சொல்கிறது என்று பார்ப்பது
வேறு யாருடைய வேலையோ.

எழுபத்தாறு, ஐப்பசி. வெளியே மழை.
தோழர் செங்கேணி சட்டைக்குள் வைத்து
நனையாமல் கொண்டுவந்தார், பதினாறு பக்கம்.
பிரெஞ்சிலிருந்து அவரே பெயர்த்தது. விலை முப்பது காசு.
தூரத்து நாடொன்றில்
ஒரே அறுவடைக்குள் எல்லாரும் சமமாகிவிட்டார்களாம்.

செங்கேணி நல்லவர். இதை எழுதியே ஆகவேண்டும்.
மில்லைப் பூட்டிய மாதம்
சைக்கிளை விற்று நாலு வீட்டில் உலை ஏற்றினார்.
மூட்டைப்பூச்சியைக்கூடத்
தாளில் ஏந்தி வாசலில் விடுவார்.

ஒன்பதாம் பக்கம், கீழிருந்து மூன்றாம் வரி:
'உபரிகள் களை எடுக்கப் பட்டன.'
பிரிந்து கிடந்ததைச் சேர்த்தேன்.
களையெடுக்கப்பட்டன.
அங்கே பென்சில் நின்றது.
"இந்த உபரிகள் யார்?
ஆட்கள் என்றால் 'பட்டனர்' வரணுமே தோழர்."

கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
"எழுவாய் உபரிகள். அஃறிணை.
முடிபு சரிதானே?"

சரிதான்.
எந்தத் தமிழாசிரியரும் அதில் அரை மதிப்பெண் குறைக்க முடியாது.
ஓரத்தில் கையெழுத்திட்டேன். ஐந்நூறு படி.
மில் சங்கு ஊதியது. டீ வந்தது.

பிறகு செய்திகள் வரத் தொடங்கின.
அவதூறு என்றார் செங்கேணி, இரண்டு வருடம்.
அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.
மண்வெட்டியை ஓங்கியவர்கள் பொடிப்பையன்கள் என்று படித்தேன்.
அவர்கள் கைக்கும் ஒரு வாக்கியம் போயிருக்கும்,
யாரோ ஒருவன் திருத்தி, ஒற்றுப்பிழை இல்லாமல்.

எண்பதில் உப்பளத்திலிருந்து மதலேன் வந்தார்.
நினைவு அட்டை வேண்டும், ஐம்பது போதும்.
அண்ணன் சவரிராயன்,
நோம்பென் நகரில் சுங்கக் கணக்கர்.
எழுபத்தைந்து பங்குனியோடு கடிதம் நின்றுபோனது.
தப்பி வந்த ஒருத்தன் சொன்னானாம்:
உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார்கள், காய்ப்பு இல்லை,
தனி வரிசையில் நிறுத்தினார்கள்.

"இறந்த தேதி?"
"அந்த எடத்த விட்டுடுங்க."

அச்சுக்கோப்பில் வெற்றிடத்துக்கும் ஈயம் வேண்டும்.
எழுத்தைவிட ஒரு நூல் குட்டையான கட்டைகள்,
மை தொடாதவை.
தேதி அளவுக்கு அவற்றை நானே அடுக்கினேன்.

மறுநாள் மெய்ப்பைச் சுற்றிக் கொடுக்க
அச்சகத்துப் பையன் பரணிலிருந்து பழைய கட்டு ஒன்றைப் பிரித்தான்.
பதினாறு பக்கம். முப்பது காசு.
பிடுங்கி, உட்கார்ந்திருந்த பலகைக்கடியில் தள்ளினேன்.
வெறுங்கையாகவே மெய்ப்பை நீட்டினேன்.

மதலேன் அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்து
விரல் வைத்து வாசித்தார்.
"பேர்ல ஒரு எழுத்து விழுந்துபோச்சே.
நீங்க பாக்கலையா?"

சவராயன் என்றிருந்தது.

இதைப் பார்க்கவில்லை அம்மா.
மெய்யாகவே, இதைப் பார்க்கவில்லை.