ஒன்பதாம் கட்டம்

வங்கி அனுப்பிய படிவத்தில் ஒன்பதாவது கேள்வி:
உங்கள் நிறுவனம் உருவாக்கிய வேலைவாய்ப்புகள், எண்ணிக்கையில்.
கீழே தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம்.

வாழைச்சேனைத் துறைமுகத்துக்குப் பின்னால்
விடிய மூன்றரை மணி.
கம்பிரசர் இரைகிறது.
பழகிவிட்டது. இப்போது இரைச்சல் நின்றால்தான்
எனக்கு விழிப்பு வரும்.

பதினொன்று என்று எழுதலாம்.
ஐஸ் பார் இழுக்கிற பொடியன்கள் நாலு,
அரைக்கிற மெஷினுக்கு இரண்டு,
லொறி ஓட இரண்டு, மெக்கானிக், காவலாளி,
கணக்கெழுத நான்.

முதலாளி சபாநேசன்
கட்டாரில் பதினாறு வருசம்
மற்றவர்களின் அறைகளைக் குளிராக்கியவர்.
ஊருக்கு வந்து வெயிலோடு வழக்குப் போட்டார்.
காணி உறுதி வங்கியில்.
மனைவியின் தாலிக்கொடி, அதோ,
ட்ரான்ஸ்போமருக்குள் உறுமுகிறது.
முதல் வருசம் கரண்ட் போய்
எண்பது பார் வாய்க்காலில் ஓடியது.
எந்தத் தலைப்பில் எழுத என்று கேட்டேன்.
"தண்ணி எண்டு எழுது" என்றார்.

முன்பெல்லாம் மீனுக்கு விலை சொன்னது சூரியன்.
பத்து மணிக்கு மேல் பாரை மலிவு,
பதினொன்றுக்கு மேல் கெஞ்சல்.
இப்போது படகுக்காரர் வியாபாரியைப் பார்த்துச் சொல்கிறார்:
இந்த விலைக்கு இல்லை, நாளைக்கு வாங்க.
அந்த நாளை என்ற சொல்லை
உருகாமல் வைத்துக் கொடுத்தது நாங்கள்தான்.
சும்மா இல்லை,
ஒரு பார் இவ்வளவு என்று.

என் அப்பா காகித ஆலையில் வேலை பார்த்தார்.
அரசாங்க உத்தியோகம் என்றுதான் பெண் கொடுத்தார்களாம்.
இந்தப் படிவம் எந்த நாட்டுக் காகிதமோ,
வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன்,
தெரியவில்லை.

ஆனால் சூடையும் கீரியும்
கரையில் மிஞ்சுவது நின்றுபோனது.
எல்லாம் எங்கள் ஐஸில் படுத்துக்கொண்டு
பேலியகொடைக்குப் போகின்றன.
நாசிவன்தீவில் பன்னிரண்டு பந்தலில் கருவாடு காய்ந்தது.
இந்தப் பங்குனியில் எண்ணினேன்: மூன்று.

போன மாதம் ரஞ்சிதமலர் கேற்றடியில் வந்து நின்றாள்.
"புள்ள, ஒரு வேலை இருக்காகா?"
ஒரு பந்தல், மூட்டை உப்பு,
கைக்கு உதவியாக இரண்டு பெண்கள்,
கடைக்காரருக்குக் கடன் கொடுத்து
வாங்கத் தெரிந்த வாய்.
அதுவும் ஒரு நிறுவனம்தான்.
அவளுக்கு ஒருவரும் படிவம் அனுப்பவில்லை.

இப்போது பெட்டிகளில் ஐஸ் அள்ளிப் போடுகிறாள்.
"உப்பு காந்தும், இது மரக்குது" என்றாள்.
"எண்டாலும் மாரியில கருவாடு காயாது.
இஞ்ச மழைக்கும் சம்பளம்."
கையெழுத்துப் போட்டுக் காசை எண்ணிவிட்டு,
போகிற போக்கில்,
"அங்க நான்தான் முதலாளி."

அப்போ பன்னிரண்டா?
ஒன்பது பந்தலை எங்கே கழிப்பது?
எங்கள் லொறிக்காகவே இரண்டு மணிக்கு அடுப்பு மூட்டுகிற
ஜெஸீலாவின் ரொட்டிக் கடையை எங்கே கூட்டுவது?
வங்கி மனேஜரிடம் கேட்டேன்.
உள்ளே வேலை செய்கிறவர்கள் மட்டும் என்றார்.
உள்ளே என்றால்
எதுவரைக்கும் சேர்?

பன்னிரண்டு என்று எழுதினேன்.
மை காயவில்லை,
கரண்ட் போனது.

கம்பிரசர் ஒரு பெருமூச்சோடு அடங்க,
அந்த அமைதியில் எல்லாத் தலைகளும் திரும்பின.
பொடியன்கள். மெக்கானிக்.
வெளியே லொறிக்குள் தூங்கியவன்.
ரொட்டிக் கடைக்குள்ளிருந்து ஒரு டோர்ச்,
ஆற்றுக்குள் நின்ற படகுகளில்
ஒன்று, இரண்டு, ஏழு டோர்ச்,
எல்லாம் எங்கள் பக்கம்.
"டீசல் இருக்கா?" என்று இருட்டில் ஓடுகிறார் சபாநேசன்.

எண்ணுவதென்றால் இப்போதுதான் எண்ணவேண்டும்.
எண்ணத் தொடங்கினேன்.

ரஞ்சிதமலர் மட்டும் திரும்பவில்லை.
இரண்டு கைகளையும் அக்குளுக்குள் வைத்துச்
சூடாக்கிக்கொண்டிருந்தாள்.