பத்துக்குப் பத்து

தொண்ணூறு அடி சாலையில்
வெட்டுத்துணி கிலோ அறுபது.
நான் நிறம் பொறுக்குவதைப் பார்த்து
"கால்மிதிக்கா?" என்றார் கடைக்காரர்.
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பகலில் ஜெபக்கனி தூங்குவார்,
ராத்திரி முழுக்க விமானத்தில் பெட்டி ஏற்றிய தோள்.
மெஷினை மிதித்தால் புரண்டு படுப்பார்.
அதனால் கைத்தையல்.
நூலைப் பல்லால் கடிப்பதுதான்
அந்த அறையில் பெரிய சத்தம்.

யாருக்கோ வெட்டிய சட்டையின் அக்குள்,
கப்பலேறாத கோடுகள்,
பள்ளிச் சீருடை நீலம்.
அதன் பக்கத்தில் மஞ்சளை வைத்தேன்.
எடுத்தேன்.
மறுபடி வைத்தேன்.
குக்கர் ஐந்தாவது விசில் அடித்துவிட்டது.

எதிர்வீட்டு சுலபா
"கோதடியா!" என்று ஓரத்தைத் தடவினாள்.
விற்பாயா?
தெரியாது.
யாருக்கு?
அதுவும் தெரியாது, சுலபா.
ஒரு துண்டு இன்னொன்றை ஒட்டிச்
சரியாக உட்காரும்போது
பசி அடங்கியதுபோல் இருக்கிறது.

கட்டில் போக மிச்ச இடத்தில்
மடியளவுதான் விரியும்.
ஏழு மாதம் தைத்தேன்,
முழுசாய் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஞாயிறு, மழை விட்டதும்
மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே
இரண்டு முனை அவர் பிடிக்க
இரண்டு முனை நான்.
உதறினோம்.

மூன்றாம் வரிசை மாகிம் பக்கம் சாய்ந்திருந்தது.
ஒரு நீலம் உள்புறம் வெளியே.
"பிரிச்சுத் தைக்கணுமோ?" என்றார்.
காற்று அடியில் நுழைந்து
நடுவை உப்ப வைத்தது.
அவர் முகம் மறைந்து, தெரிந்து, மறைந்தது.
எனக்குப் பேச்சு வரவில்லை.

வந்தபோது வந்தது இதுதான்:
"பார்த்துப் பிடிங்க,
எங்கேயோ ஓர் ஊசி இருக்கு."