கிழக்கு அறை

ஸ்லாவேய் கர்ஜேவுக்கு வீடு விற்கிற தொழில்.
விற்கிற முகம் இல்லை.
ரோடோப் மலைச்சாலையில் பழைய லாடா ஜீப்பை
இரண்டாம் கியரிலேயே உருட்டிக்கொண்டு
முதல் வீட்டை நிறுத்தாமல் தாண்டினார்.
"படத்தில் பார்த்து ஆசைப்பட்டது அதுதானே?
நவம்பரில் மலைக்குப் பின்னால் போகிற வெயில்
மார்ச்சில்தான் அந்த முற்றத்துக்குத் திரும்பும்.
மூன்று பேருக்கு விற்றுக்கொடுத்துவிட்டேன்.
நான்காவது பாவம் வேண்டாம்."

இரண்டாவது வீட்டின் சுவரோரம் இடுப்பளவு காஞ்சொறி.
எனக்கு அது பச்சை. அவருக்குச் சாக்கடை.
"கழிவுத்தொட்டி உடைந்த இடத்தில்தான்
இது இப்படிச் செழிக்கும்."
சிரித்துவிட்டேன்.
சோஃபியாவில் பல் பார்க்கிறவள் நான்;
ஈறு சிவந்தால் வேரைத்தான் சந்தேகிப்பேன்.

மூன்றாவது, கல் வீடு. கூரையும் கல்.
சட்டைப்பையிலிருந்து ஒரு அக்ரூட்டை எடுத்துச்
சமையலறைத் தரையில் வைத்தார்.
அது கொஞ்சம் யோசித்தது.
பிறகு உருண்டு, நடையைக் கடந்து,
கிழக்கு அறையின் வாசலில் போய் நின்றது.
"இரண்டு விரல் சாய்வு. நான் பிறந்ததிலிருந்து அதே இரண்டு விரல்.
இனிமேல் சாயாது.
ஊற்று மேலே, உங்கள் எல்லைக்குள்.
பனிவாரும் வண்டி பாலம் வரைதான் வரும்.
அதற்கப்பால் உங்கள் முதுகு."

நான் விலையைக் கேட்டேன்.
அவர் வாரிசுகளை எண்ணினார்.
பதினொரு பேர்.
இருவர் ஊரிலேயே, ஒருவரோடொருவர் பேசுவதில்லை.
ஒருவன் ஸ்பெயினில் ஆரஞ்சு பறிக்கிறான்.
மற்றவர்கள் எண்பத்தொன்பது கோடையில்
கார்க் கூரையில் மெத்தையைக் கட்டிக்கொண்டு
துருக்கி எல்லையைத் தாண்டியவர்கள்.

ஏழு மாதம். பத்துக் கையெழுத்து.
எப்படி வாங்கினார் என்று கேட்கவில்லை;
ஒருமுறை ஜீப்பின் பின்சீட்டில்
இரண்டு ஜாடி தேனும் ஓர் ஆட்டுக்குட்டியும் இருந்தன.

பதினொன்றாவது, பூர்சாவில் சபிஹா.
பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"கிழக்கு அறையைப் பூட்டிவிட்டு வந்தேன்.
சாவி என்னிடம் இருக்கிறது.
இன்னும் திறக்கிறதா?"

திறக்க அங்கே எதுவுமில்லை.
எந்தக் குளிரிலோ யாரோ கதவை விறகாக்கியிருந்தார்கள்.
நிலை மட்டும் நின்றது.
திறக்கிறது என்று சொல்லிவிடலாமே என்றேன்.
மலையில் பொய் சொன்னால்
கீழ்வீட்டுக்குக் கேட்கும் என்றார்.

சாவி தபாலில் வந்தது.
கர்ஜாலியில் பூட்டு செய்கிறவர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்:
"பூட்டைக் கொண்டுவந்து சாவி கேட்பார்கள்.
சாவியைக் கொண்டுவந்து பூட்டு கேட்கிறீர்களே."
பூட்டுக்கு நான்கு நாள். கதவுக்கு மூன்று வாரம், ஓக் பலகை.

ஸ்லாவேய் பூட்டித் திறந்து, பூட்டித் திறந்து,
தொலைபேசியை அருகே பிடித்துக்கொண்டார்.
மறுமுனையில் நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு சபிஹா சொன்னாள்:
"சத்தம் அதுவல்ல.
பரவாயில்லை, கையெழுத்துப் போடுகிறேன்."

தெற்கே ஓடை, வடக்கே ஊராட்சிக் காடு,
கிழக்கே இறந்துபோன ஒருவரின் புல்வெளி,
மேற்கே பாதை;
இந்த நான்கெல்லைக்குட்பட்ட
கல், மரவடை, ஊற்று, சகல பாத்தியங்களும் என் பெயரில்.
வில்லங்கம் ஏதுமில்லை என்று
நோட்டரி முத்திரை குத்தினார்.
ஸ்லாவேய் இருமினார்.

தரகு மூன்று சதவீதம். அதில்
பூட்டுக்கூலியைத் தானே கழித்துக்கொண்டார்,
கதவுக்கூலியைக் கழிக்கவில்லை.

இது என் இரண்டாவது ஜனவரி.
பாலத்துக்கு அப்பால் என் முதுகுதான், சொன்னபடி.
விறகை நடையில் அடுக்கினேன், கூடத்தில்,
இடம் போதாமல் கட்டிலோரமும்.
கிழக்கு அறையில் ஒரு நாற்காலியை வைத்துப் பூட்டிச்
சாவியை அப்போதே பூர்சாவுக்குத் திருப்பி அனுப்பியாயிற்று.

காலை பத்தேகாலுக்கு
அந்தக் கதவின் அடியிலிருந்து
ஒரு விரல்கடை வெயில் நடைக்கு வருகிறது.
வீட்டிலேயே முதல் வெயில் அந்த அறைக்குத்தான்.
ஸ்லாவேய் இதை மட்டும் சொல்லவில்லை.
தெரியாமல் இருக்காது.